கூட்டம் கேட்கக் கூலி

“கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவதற்குக் கூலியா! நன்றாயிருக்கிறது ஐயா, உங்கள் அமெரிக்க வேடிக்கை!” என்றார் நமது தெருப் பெரியவர்.

சிக்காகோ நகரத்தில் நகரசபைக் கூட்டங்களுக்கும் பள்ளிக்கூட சபைக் கூட்டங்களுக்கும் சாதாரணக் குடிஜனங்களை அனுப்பி, அங்கே நடப்பதைக் குறிப்பெடுத்து வரச் சொல்லி, அதற்கு மணிக்கு இவ்வளவு என்று கூலியும் கொடுக்கிறார்கள் என்று நாம் அவரிடம் சொன்னதற்குக் கிடைத்த பதில் இது. பெரியவர் லேசானவர் அல்ல. இருபத்திரண்டு வருஷ காலம் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் காரியதரிசியாக இருந்தவர். சங்கத்துக் கடிதங்களுக்குத் தபால் தலை வாங்கிய காசைக்கூடத் திருப்பி வாங்கிக்கொண்டதில்லை. பொதுக் காரியம் என்றால் கைப்பொருளைச் செலவழித்துச் செய்வது. கூலி வாங்குகிற கணத்திலேயே அது பொதுக் காரியம் என்ற பெயரை இழந்துவிடுகிறது என்பது அவருடைய சித்தாந்தம். நம்மில் பெரும்பாலோர் வளர்ந்ததும் அந்தச் சித்தாந்தத்தில்தான். ஆகையால் அவருடைய கோபத்தை அலட்சியம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. விஷயத்தைச் சற்று ஆராய்ந்து பார்த்தோம். பார்த்தபின் நமது அபிப்பிராயம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை வாசகர்களே கண்டுகொள்வார்கள்.

முதலில், கூட்டத்துக்கு ஒருவரும் போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை. கதை என்று சொன்னோமே தவிர, அத்தனையும் நடந்தது.

கலிபோர்னியா ராஜ்யத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரத்தை ஒட்டி, ‘பெல்’ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பரப்பு இரண்டரைச் சதுர மைல். 2010-இல் ஜனத்தொகை ஏறக்குறைய 35,000. பலர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகள். இந்த ஊருக்கு நகரசபை உண்டு. அதன் கூட்டங்களுக்கு யாரும் போகலாம். ஆனால் யாரும் போகவில்லை. பத்திரிகை நிருபர்களும் போவதை நிறுத்திவிட்டார்கள். 2005-ஆம் வருஷத்தில் நகரத்தின் சாஸனத்தையே மாற்றுவதற்கு ஒரு விசேஷ வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு! அங்கத்தினர்களின் சம்பளத்துக்கு ராஜ்ய சர்க்கார் விதித்திருந்த வரம்பு அந்த வாக்கெடுப்பினால் கழன்று போயிற்று என்பதை அப்போது ஊரில் அறிந்தவர்கள் மிகச் சிலரே.

2010 ஜூலையில் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ பத்திரிகையின் நிருபர்கள் இருவர், பக்கத்து ஊர் விவகாரம் ஒன்றைத் துருவப் போனவர்கள், தற்செயலாக இந்த ஊருக்குள் எட்டிப் பார்த்தார்கள். பெல் நகரத்தின் நிர்வாக அதிகாரி ராபர்ட் ரிஸ்ஸோ என்பவர் வருஷத்துக்கு 7,87,637 டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. அமெரிக்க ஜனாதிபதிக்கே சம்பளம் 4,00,000 டாலர்தான்! நகரசபை அங்கத்தினர்களோ, வாரத்தில் சில மணி நேரமே வேலையுள்ளவர்கள், ஆளுக்குச் சுமார் ஒரு லட்சம் டாலர் பெற்றுவந்தார்கள். எப்படி என்று கேட்டால், குப்பை மறுபயன் கமிட்டி, உபரிச் சொத்துக் கமிட்டி என்று பல கமிட்டிகளின் பெயரால். அந்தக் கமிட்டிகள் சில சமயம் ஓரிரு நிமிஷங்கள் கூடின; சில சமயம் கூடவே இல்லை. பெல் நகரவாசி ஒருவர் 2008-லேயே சந்தேகப்பட்டுச் சம்பள விவரம் கேட்டார். அவருக்கு மிகவும் குறைத்துக் காட்டிய பொய்க் கணக்கு ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

பின்னால் வழக்கு நடந்தது. 2013-இல் முன்னாள் அங்கத்தினர்கள் ஐவர் சில குற்றங்களில் தண்டனைக்குரியவர்கள் எனத் தீர்ப்பாயிற்று, ஒருவர் விடுதலையானார். ரிஸ்ஸோவுக்கு 2014-இல் 12 வருஷச் சிறை. பத்திரிகைக்கு 2011-ஆம் வருஷத்துப் புலிட்ஸர் பரிசு. எல்லாம் சரி, ஆனால் அந்தக் கமிட்டி மண்டபத்தில் பின்வரிசை நாற்காலியில் ஒரே ஒரு மனிதர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்து, “கூட்டம் தொடங்கியது இத்தனை மணி, முடிந்தது இத்தனை மணி” என்று மட்டும் எழுதி வந்திருந்தால், அந்தக் கணக்கு எவ்வளவு சீக்கிரம் வெளியாகியிருக்கும்!

அந்த நாற்காலியில் முன்பெல்லாம் பத்திரிகை நிருபர் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் எங்கே? அமெரிக்காவில் 2005-இல் சுமார் 8,900 பத்திரிகைகள் இருந்தன. 2023-இல் சுமார் 6,000. பத்திரிகை ஆபீஸ்களில் செய்தி வேலை செய்தவர்கள் 2008-இல் 71,000 பேர். 2020-இல் 31,000 பேர். விளம்பர வருமானம் கம்ப்யூட்டர் வலைக்குள் போய்விட்டது. முதலில் வேலை இழந்தவர் ஸ்தல ஸ்தாபன நிருபர். நாலு மணி நேரம் சாக்கடைக் குழாய் ஒப்பந்தத்தைப் பற்றிய பேச்சைக் கேட்டுப் பத்து வரிச் செய்தி கொண்டு வருபவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்?

இதனால் நஷ்டம் யாருக்கு என்று சில பொருளாதார நிபுணர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2020-இல் வெளியாயிற்று. உள்ளூர்ப் பத்திரிகை மூடப்பட்ட இடங்களில், ஸ்தல ஸ்தாபனங்கள் கடன் பத்திரம் வெளியிட்டு வாங்கும் கடனுக்கு வட்டி நூற்றுக்கு 0.05 முதல் 0.11 வரை உயர்ந்ததாகக் கண்டார்கள். அற்பமாகத்தான் தோன்றும். பத்துக் கோடி டாலர் கடன் வாங்கிய நகரத்துக்கு அது வருஷத்துக்கு 50,000 முதல் 1,10,000 டாலர் வரை ஆகிறது. யாரும் கவனிக்காத நகரசபைக்குக் கடன் கொடுக்க லேவாதேவிக்காரர்களே சற்று அஞ்சுகிறார்கள் என்பது இதன் பொருள்.

இனி சிக்காகோவுக்கு வருவோம்.

அந்நகரத்தின் தென்பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் பெரும்பாலும் கறுப்பு மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சத்தவர்களும் வசிக்கிறார்கள். பெரிய பத்திரிகைகள் அங்கே எட்டிப் பார்ப்பது துப்பாக்கிச் சூடு நடந்தால்தான் என்று அந்த ஜனங்களுக்கு நெடுநாளையக் குறை. 2013-இல் ஏறக்குறைய ஐம்பது பள்ளிக்கூடங்களை ஒரே மூச்சில் மூடுவதென்று நகரம் முடிவு செய்தபோது, இடி விழுந்ததும் பெரும்பாலும் இந்தப் பகுதிகளில்தான். 2015-இல் இளம் பத்திரிகையாளர்கள் நால்வர் சேர்ந்து, தென்பகுதியில் ‘ஸிட்டி பியூரோ’ என்று லாப நோக்கமில்லாத ஒரு ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். மறு வருஷமே அவர்களுக்குத் தோன்றிய யோசனைதான் ‘டாக்குமெண்டர்கள்’ திட்டம். தமிழில் நாம் அவர்களைக் குறிப்பாளர்கள் என்போம்.

யோசனை மிக எளிது. நிருபர் இல்லையா? பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பு. அவருக்கு இரண்டு விஷயங்களைக் கற்றுக்கொடு: இந்த ஊரில் எந்த அதிகாரம் எந்தச் சபையிடம் இருக்கிறது என்பது ஒன்று, கேட்டதைத் திரிக்காமல் எழுதுவது எப்படி என்பது மற்றொன்று. பிறகு, போய் வந்த நேரத்துக்குக் கூலியைக் கொடு.

எளிது என்றோம், கூட்டம் எங்கே, எப்போது என்று தெரிவதே அங்கு பெரிய வித்தையாக இருந்தது. சிக்காகோவில் 50 பேர் கொண்ட நகரசபை ஒன்று மட்டுமா? அதன் கமிட்டிகள், நூலக சபை, பூங்கா சபை, போக்குவரத்து சபை, வீட்டுவசதி சபை, கழிவுநீர் சபை; 1988-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெரும்பாலான பள்ளிக்கூடங்களுக்குப் பெற்றோர் அடங்கிய சபை; 2023-இல் முதல் முறையாகத் தேர்தல் நடந்து அமைந்த 22 போலீஸ் வட்டார சபைகள்! ஒவ்வொன்றும் தன் அறிக்கையைத் தன் மூலையில் ஒட்டி வைத்துக்கொண்டிருந்தது. இவற்றையெல்லாம் தேடித் திரட்டி ஒரே பஞ்சாங்கமாக்கிக் கொடுக்க, கம்ப்யூட்டர் தெரிந்த தொண்டர்கள் ஒரு நிரல் எழுதினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட அமைப்புகளின் கூட்டங்களை அது வாரிக் கொண்டுவருகிறது. எந்தெந்தக் கூட்டங்களுக்கு ஆள் தேவை என்று அறிவிக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் “நான் போகிறேன்” என்று விண்ணப்பிக்கிறார்கள். கல்லூரி மாணவர், பஸ் ஓட்டுபவர், குழந்தைகளின் தாய், ஓய்வு பெற்ற உபாத்தியாயர் யாராயினும் சரி. பட்டமோ பத்திரிகை அனுபவமோ கேட்பதில்லை.

இவர்கள் போய் உட்காருவதற்கு இல்லினாய் ராஜ்யத்தின் சட்டம் இடம் கொடுக்கிறது. 1957-ஆம் வருஷத்திலேயே அங்கே திறந்த கூட்டச் சட்டம் பிறந்தது. 48 மணி நேரத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும்; கூட்டத்தை யார் வேண்டுமானாலும் ஒலிப்பதிவோ படமோ எடுக்கலாம்; கூட்டக் குறிப்பு எழுதி வைக்க வேண்டும் என்றெல்லாம் அது இப்போது விதிக்கிறது.

“கூட்டக் குறிப்பைத்தான் அவர்களே எழுதி வைக்கிறார்களே! பிறகு இந்தக் கூலிக்காரர் எதற்கு?” என்று பெரியவர் மடக்கினார். நல்ல கேள்வி. சர்க்கார் குறிப்பில் என்ன இருக்கும்? வந்தவர் யார், வராதவர் யார், எந்தத் தீர்மானத்துக்கு எத்தனை வாக்கு, விவாதத்தின் சுருக்கம் — சட்டம் கேட்பது இவ்வளவே. அதுவும் அடுத்த கூட்டங்களில் அங்கீகாரமாகி ஜனங்கள் கண்ணில் படுவதற்கு வாரங்கள் ஆகும். எழுதுபவரோ சபையின் சம்பளக்காரர். அவர் பொய் எழுத வேண்டியதே இல்லை. சுருக்கி எழுதினாலே போதும்.

குறிப்பாளருடைய தாளைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். மேலே, இந்தக் கூட்டத்தில் முக்கியமாக நடந்தது என்ன என்று சில வரிகள். அதற்குக் கீழே நடந்தது நடந்த வரிசையில். பார்வையாளர் பகுதியிலிருந்து எழுந்தவர் என்ன கேட்டார், அக்கிராசனர் பதில் சொன்னாரா, “பிறகு தெரிவிக்கிறோம்” என்றாரா என்பதும் இருக்கும். கடைசியில் தனியாக ஒரு பகுதி: கண்ணில் பட்டவையும், புரியாமல் போனவையும், மேலே விசாரிக்க வேண்டியவையும். சொந்த அபிப்பிராயம் இடையில் கலக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. பின்பு ஆசிரியர் ஒருவர் பெயர்களையும் எண்களையும் சரிபார்த்து வெளியிடுகிறார். படிப்பதற்குக் கட்டணம் இல்லை; யாரும் எடுத்து உபயோகிக்கலாம்.

அந்தக் கடைசிப் பகுதியில்தான் நமக்கு ருசி அதிகம். அறிக்கையில் குறித்த வாசல் பூட்டியிருந்தது. பேசியவரின் பாஷையைப் பெயர்த்துச் சொல்ல ஆள் இல்லை. ஒலிபெருக்கி வேலை செய்யாததால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை — சபையின் குமாஸ்தா ஏன் இவற்றை எழுதப் போகிறார்? அவருக்கு இவை கூட்டத்தைச் சேர்ந்த விஷயங்களே அல்ல. பஸ் பிடித்து வந்து பூட்டிய கதவைப் பார்த்தவருக்கோ, கூட்டம் என்பதே அதுதான்.

இப்போதெல்லாம் கூட்டங்களைப் படம் பிடித்து வலையில் போடுகிறார்களே, இயந்திரமே பேச்சை எழுத்தாக்கித் தருகிறதே என்று கேட்கலாம். 2020-ஆம் வருஷத்துக் கொள்ளைநோய்க்குப் பிறகு இது மிகுந்துவிட்டது உண்மை. ஆனால் நாலு மணி நேரப் படத்தை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? காமிரா மேடையைப் பார்க்கிறது. மேடையில் இருப்பவர் பேச்சைக் கேட்காமல் பக்கத்தில் குசுகுசுப்பதையும், மண்டபத்தில் பத்துத் தாய்மார்கள் தங்கள் முறை வராமலே எழுந்து போவதையும் அது பார்ப்பதில்லை.

நம் நாட்டிலும் சொல்லுக்குச் சொல் எழுதிப் பார்த்தவர்கள் உண்டு. தமிழ்நாட்டுக் கிராம சபைக் கூட்டங்கள் பலவற்றின் பேச்சை முழுவதும் எழுதி வாங்கி, ஆராய்ச்சியாளர் மூவர் கணக்கிட்டார்கள். 2019-இல் அது வெளியாயிற்று. ஆண்களைவிடப் பெண்கள் பேசுவது அபூர்வம். பேசினாலும் விவாதம் அவர்கள் எழுப்பிய விஷயத்தின் மேல் நிற்பதில்லை. அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் வருவதும் குறைவு என்று கண்டார்கள். தலைவர் பெண்ணாக இருந்த ஊர்களில் நிலைமை சற்று வேறாம். இவ்விவரத்தைத் தீர்மானப் புத்தகத்திலிருந்து யாராலும் எடுத்திருக்க முடியாது. அதில் “கூட்டத்தில் விவாதிக்கப்பட்டது” என்ற ஒரு வரிதான் இருக்கும்.

சரி, எழுதட்டும், கூலி எதற்கு? பெரியவரின் ஆட்சேபம் இன்னும் அப்படியே நிற்கிறது.

இந்த ஆட்சேபத்துக்கு வயது இரண்டாயிரத்து நானூறு. கிரேக்க தேசத்து ஏதென்ஸ் நகரத்தில், குடிகள் அனைவரும் கூடித் தீர்மானிக்கும் மகாசபை இருந்தது. ஆனால் ஜனங்கள் வருவதில்லை. என்னென்னவோ உபாயங்கள் செய்தும் வாக்கெடுப்புக்குப் போதுமான கூட்டம் சேரவில்லை. அகைரியஸ் என்பவர் வந்தவர்களுக்கு ஓர் ஓபல் கொடுக்கலாம் என்றார். அடுத்து ஹெராக்ளிடீஸ் என்பவர் அதை இரண்டாக்கினார். மறுபடியும் அகைரியஸ் மூன்றாக்கினார். அரிஸ்டாட்டிலின் பள்ளியிலிருந்து வந்த ஏதென்ஸ் அரசியல் நூலில் இந்த ஏலத்தின் விவரம் இருக்கிறது. அந்த நூல் எழுதிய காலத்தில் கூலி ஆறு ஓபல், அதாவது ஒரு திராக்மாவுக்கு ஏறியிருந்தது. காசுக்காகச் சபைக்கு ஓடுகிறார்கள் என்று அந்நாளைய நாடக ஆசிரியர்கள் கேலி செய்யாமல் விடவில்லை. ஆனால் கேலிக்கு ஆளானவர் யார்? அன்றைய பாட்டை விட்டுவிட்டு வர முடியாத ஏழைதான். நிலபுலம் உள்ளவர் ஓபல் இல்லாமலும் வந்துகொண்டுதான் இருந்தார்.

சிக்காகோவிலும் இதே கதை. பல கூட்டங்கள் வேலை நாளில், காலை பத்து மணிக்கு. யாரால் வர முடியும்? சம்பளம் வாங்கும் அதிகாரி வருவார். அவருடைய சம்பளத்தில் இந்த இரண்டு மணி நேரமும் அடக்கம். ஒப்பந்தக்காரரின் வக்கீல் வருவார். அவருக்கு நிமிஷக் கணக்கில் கட்டணம். ஓய்வூதியம் உள்ளவர் வருவார். ஆக, மண்டபத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கனவே கூலி வாங்குகிறவர்களே! கூலி இல்லாமல் வரவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது, அன்றைய ஊதியத்தை இழந்து வருகிற ஒரே ஒருவரை மட்டும். இதைச் சொன்னபோது பெரியவர் ஒன்றும் பேசாமல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவர் காரியதரிசியாயிருந்த காலத்தில் பாங்கியில் உத்தியோகமும், மாலை ஐந்தரைக்கு வீடும் அவருக்கு இருந்தன என்பது நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கூலியும் அப்படி ஒன்றும் பிரமாதம் அல்ல. ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் மாறும்; மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். 2024 ஜூலையில் சிக்காகோவில் சட்டப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலியே 16 டாலர் 20 சென்ட். இதற்காகக் கழிவுநீர் சபைக் கூட்டத்தில் மூன்று மணி நேரம் உட்காருகிறவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அதோடு கூலி மற்றொரு காரியமும் செய்கிறது. தொண்டரிடம் “நீங்கள் எழுதியது போதாது, மறுபடி எழுதுங்கள்” என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது. கூலி வாங்கினவரிடம் தாராளமாய்ச் சொல்லலாம்.

இத்திட்டம் சிக்காகோவோடு நிற்கவில்லை. டிட்ராய்ட், க்ளீவ்லாந்து, மினியாபோலிஸ், அட்லாண்டா, பிரெஸ்னோ, ஓமாஹா என்று பல நகரங்களில் உள்ளூர் ஸ்தாபனங்கள் எடுத்து நடத்தின. இவற்றில் க்ளீவ்லாந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2020-இல் அங்கே குறிப்பாளர்கள் நகரசபைக்குப் போய் உட்கார ஆரம்பித்தார்கள். போன புதிதில் எவருக்கும் உறைக்கிற விஷயம் ஒன்று உண்டு: சபையில் பொது ஜனங்கள் எழுந்து ஒரு வார்த்தை பேச இடமே இல்லை! சுமார் தொண்ணூறு வருஷங்களாக அந்த வழக்கம் அற்றுப் போயிருந்தது. ஊரார் கிளர்ச்சி செய்தார்கள். 2021 அக்டோபர் முதல், கூட்டத்துக்குப் பத்துப் பேர், ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று கதவு திறந்தது. கிளர்ச்சி செய்தவர்கள் குடிஜனங்கள். குறிப்பாளர்கள் செய்தது அங்கே இருந்ததும் எழுதியதும் மட்டுமே. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நாம் அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால் பூட்டிய கதவைத் தட்ட வேண்டுமானால், அது பூட்டியிருக்கிறது என்று முதலில் யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டும் அன்றோ?

கதவு திறந்தபின் எல்லாம் சுபமாகிவிடவில்லை. 2023 செப்டம்பரில் ஒருவர் தமக்குக் கிடைத்த மூன்று நிமிஷத்தில், அங்கத்தினர்களுக்கு யார் யார் தேர்தல் நன்கொடை கொடுத்தார்கள் என்று படிக்கத் தொடங்கினார். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள்! அது கோர்ட்டு வரை போயிற்று. சிக்காகோ நகரசபையிலும் பொது ஜனங்களுக்குப் பேச நேரம் ஒதுக்கியது 2017-இல்தான். அதுவும் ஒரு வழக்குக்குப் பிறகு.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. சட்டமே சில விஷயங்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ள அனுமதிக்கிறது. உத்தியோகஸ்தர் நியமனம், வழக்கு விவகாரம் முதலியவற்றை உள்ளே பேசும்போது குறிப்பாளர் தாழ்வாரத்தில் நிற்க வேண்டியதுதான். அதைவிடப் பெரிய கஷ்டம், சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. சிக்காகோவில் ஒரு வட்டாரத்தில் எந்தக் கட்டடம் எழும்பலாம் என்பதை அந்த வட்டார அங்கத்தினர் தமது அறையில் தீர்மானித்துவிட, சபை தலையாட்டுவது நெடுநாளைய சம்பிரதாயம். தலையாட்டலை எத்தனை நுணுக்கமாகக் குறிப்பெடுத்தால்தான் என்ன?

பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் உண்டு. பெரும்பாலும் தர்ம ஸ்தாபனங்களிலிருந்து. 2022-இல் ஸிட்டி பியூரோவுக்கு இந்தத் திட்டத்தைப் பரப்புவதற்கென்று ஒரு கோடி டாலர் பரிசு கிடைத்தது. செல்வர்களின் அறநிதி இன்று ஒன்றை மெச்சும், நாளை வேறொன்றை மெச்சும். அதற்குப் பதிலாக நகரமே கூலி கொடுக்கட்டும் என்றால், மறுபடியும் சபையின் சம்பளக்காரர் எழுதுகிற குறிப்பாகிவிடும். வாசகர்கள் சந்தா கட்டினால் எல்லாவற்றிலும் உத்தமம். ஆனால் கழிவுநீர் சபைக்குச் சந்தா கட்டும் வாசகர் எங்கே இருக்கிறார்? இந்த முடிச்சை இன்னும் யாரும் அவிழ்த்ததாகத் தெரியவில்லை. குறிப்பாளர் இருக்கிறாரே என்று நிருபரை அடியோடு விட்டுவிடலாமா என்பதற்கு மட்டும் பதில் சுலபம்: முடியாது. “இது புரியவில்லை” என்று குறிப்பாளர் எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க ஒருவர் வேண்டும். பெல் நகரத்தில் கடைசியில் அந்த வேலையைச் செய்தவர்கள் நிருபர்களே.

நமது உத்தரமேரூரைப் பற்றிப் பிரஸ்தாபிக்காமல் இந்தக் கட்டுரையை எழுதினால் பெரியவர் நம்மை மன்னிக்க மாட்டார். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய சாஸனங்களில் குடவோலைத் தேர்தலின் விதிகள் எவ்வளவு நுட்பமாய் இருக்கின்றன! சபையார் பணிக்க இதை எழுதினேன் என்று மத்தியஸ்தன் தன் பெயரையும் பொறித்திருக்கிறான். கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது என்ற விதி கல்லில் இருக்கிறது. அந்த விதி வேண்டாம் என்று அன்று எழுந்து பேசியவர் யாராவது இருந்தாரா, அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்பது கல்லில் இல்லை. இதைச் சொன்னதும் பெரியவர், “பொறுங்கள்” என்று எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது கையில் தடித்த நோட்டுப் புத்தகங்கள் மூன்று இருந்தன. சங்கத்தின் தீர்மானப் புத்தகங்கள். அவ்வளவும் அவர் கைப்பட எழுதியவை. அழகான முத்து முத்தான எழுத்து. ஒரு பக்கத்தைப் புரட்டினார்: “விவாதத்திற்குப் பின் ஏகமனதாக நிறைவேறியது.” மறுபக்கம்: “விவாதத்திற்குப் பின் ஏகமனதாக நிறைவேறியது.” தெருவின் கீழ்க்கோடியில் மழைநீர்க் கால்வாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு வருஷம் பெரிய ரகளை நடந்ததாம். கோடி வீட்டுக்காரர் எழுந்து ஏதோ ஆட்சேபித்துவிட்டுச் செருப்பைக்கூட மறந்து வெளியேறினாராம். இன்றைக்கும் மழைக் காலத்தில் அந்தக் கோடியில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. பெரியவர் அந்த வருஷத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார். கால்வாய்த் தீர்மானம் அகப்பட்டது. அதன் கீழேயும் அதே வரி.

“அந்த மனுஷர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அன்றைக்கு என்ன சொன்னார் என்பது எனக்கே ஞாபகமில்லை” என்றார் பெரியவர்.